மேரக்காய்ப் பந்தலா, ஜெகரண்டா மரமா? மலைத் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் காய்க்கும் கொடியை ஏற்றுவதா, பூ மரம் ஒன்றை நடுவதா என்று கேட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் பலர் எழுதியிருந்தார்கள். இரண்டையும் நீண்ட காலமாக வளர்த்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நீலகிரியில் நாம் மேரக்காய் என்பதையே கொடைக்கானல் பக்கத்தில் சௌசௌ என்கிறார்கள். கேட்டவர் எந்தப் பெயரைச் சொன்னாரோ அதையே பதிலிலும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): ஐயா, வீட்டின் முன்னால் ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. வீட்டில் மேரக்காய்ப் பந்தல் போடச் சொல்கிறார்கள். எனக்கோ கோடையில் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் ஜெகரண்டா மீது ஆசை. எது பொருத்தம்?

பதில்: உங்கள் ஆசை நியாயமானதே. ஆனால் முதலில் இடத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை சென்ட் என்பது ஏறத்தாழ 60 சதுர மீட்டர். நன்கு வளர்ந்த ஜெகரண்டாவின் கிளைப்பரப்போ 8 முதல் 10 மீட்டர் குறுக்களவு கொண்டது. ஆகவே மரம் வளர்ந்தபின் அந்த இடத்தில் வெயில் வேண்டும் வேறு எதற்கும் வழியிருக்காது. மேரக்காய்க்கு ஆளுயரத்துக்குச் சற்று மேலாக, மூன்று மீட்டர் நீள அகலத்தில் ஒரு பந்தல் போட்டால் ஒரு குடும்பத்துக்குப் போதும். சித்திரை, வைகாசியில் கோடை மழையை நம்பி நட்டால் ஐந்தாறு மாதங்களில் காய் பறிக்கலாம். விதையிலிருந்து வந்த ஜெகரண்டா முதல் பூவைக் காட்ட ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம்.

இன்னொன்றையும் நடுவதற்கு முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். பந்தல் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு பிற்பகலில் பிரித்துவிடலாம். மரம் அப்படியல்ல. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நம் மலைகளில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி தேவைப்படும். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஐந்து மீட்டராவது தள்ளி நட முடியாத இடத்தில் ஜெகரண்டாவை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் வீட்டில் சொல்வதே சரி.

கேள்வி (உதகை): எங்கள் வீடு பள்ளத்தில், ஓடைக்கு அருகில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். இந்த உறைபனியை இரண்டில் எது தாங்கும்?

பதில்: இரண்டுமே வெப்பமான அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவை. மேரக்காயின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். ஜெகரண்டாவின் தாயகம் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியும் பொலிவியாவும். உறைபனி இரண்டையும் கருக்கிவிடும் என்றாலும், கருகியபின் அவை நடந்துகொள்ளும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. மேரக்காயின் கொடி கருகினாலும் மண்ணுக்குள் பருத்த வேர்க்கிழங்கு உயிரோடு இருக்கும். தூரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்க்கும். ஜெகரண்டாக் கன்றுக்கு நுனிக்குருத்து கருகினால், கீழிருந்து நான்கைந்து கிளைகள் ஒன்றாகக் கிளம்பி மரம் புதர்போல் ஆகிவிடும். பிறகு எத்தனை ஆண்டு வளர்த்தாலும் அந்தக் குடை வடிவம் எளிதில் வராது. வளர்ந்த மரம் ஓரளவு குளிரைத் தாங்கும், கன்று தாங்காது.

குளிர்காற்று கனமானது, இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலேயே சரிவின் நடுப்பகுதியில் உள்ள தோட்டம் தப்பிப்பதும், நூறு அடி கீழே உள்ள தோட்டம் கருகுவதும் அதனால்தான். உங்கள் இடத்தில் மேரக்காயைத் தென்புறச் சுவரை ஒட்டி ஏற்றுங்கள். பூ மரம் வேண்டுமென்றால் நம் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் இயற்கையாகவே சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசை நடுங்கள். வளர்ச்சி மிக மெதுவானதுதான். ஆனால் இந்தக் குளிருக்கென்றே பிறந்த மரம் அது. ஊதா நிறத்துக்காக அதை நாம் மறந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி (குன்னூர்): மேரக்காய் விதையை எங்கே வாங்கலாம்?

பதில்: விதையைத் தனியே எடுக்க முடியாது, அம்மா. ஒரு காய்க்குள் ஒரே விதை. அது காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முற்றிய காயைச் சமையலறை மூலையில் வைத்திருந்து, முளை வெளியே எட்டிப் பார்த்ததும் முழுக் காயையும் சாய்வாக, பாதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள்.

கேள்வி (குன்னூர்): நாங்கள் நட்ட ஜெகரண்டாவுக்குப் பத்து வயதாகிறது. இலை செழிப்பாக இருக்கிறது, பூ இல்லை. அருகிலேயே மேரக்காய்ப் பந்தல் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து மாட்டு எருவும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுத்து வருகிறோம்.

பதில்: குறையே அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது. நானும் என் தோட்டத்தில் இதே தவறைச் செய்து சில கோடைகளை வீணாக்கியிருக்கிறேன். மேரக்காய் சில மாதங்களுக்குள் பந்தலை நிறைத்துக் காய்க்க வேண்டிய கொடி. அதற்கு எருவும் ஈரமும் தாராளமாக வேண்டும். ஜெகரண்டாவோ குளிர்காலம் முடியும்போது இலை உதிர்த்து, வறட்சியில் சற்று ஓய்ந்திருந்து, மார்ச் முதல் மே வரை வெறுங்கிளையில் பூக்கும் இயல்புடையது. தழைச்சத்து மிகுந்தால் அது இலையாகவே வளரும். மரத்தடிக்கு எரு போடுவதை நிறுத்துங்கள்; நவம்பருக்குப் பிறகு நீர் பாய்ச்ச வேண்டாம்; பக்கத்து மரங்களின் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். கிளையை வெட்டிவிட்டால் பூக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெட்டிய இடத்தில் செங்குத்தான போத்துகள்தான் கிளம்பும்.

கேள்வி (பண்ணைக்காடு): தோட்ட வரப்பில் ஜெகரண்டா நட்டால் தேனீக்கள் அதற்கே போய், சௌசௌவில் காய்ப்பிடிப்பு குறையாதா?

பதில்: குறையாது. சௌசௌவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக இருப்பதால் தேனீ கட்டாயம் வேண்டும் என்ற உங்கள் கவலை சரியானதே. ஆனால் அது பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியோ குறைந்தோ இருக்கும்போது நன்றாகப் பூக்கும் கொடி. ஆகவே நீண்ட பகல்கள் கழிந்து மழைக்காலத்தில்தான் பூக்கள் பெருகும். அதற்குள் ஜெகரண்டா பூத்து ஓய்ந்திருக்கும். கோடையில் தேனீக்களுக்கு உணவு தருவதால் மரம் உங்களுக்கு உதவியே செய்யும். காய்ப்பிடிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பூக்கும் நேரத்தில் காலையில் அடிக்கும் பூச்சிமருந்துதான். வரப்பு மரத்தின் நிழல் பந்தலில் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): இரண்டும் வேண்டும், இடமும் குறைவு. ஜெகரண்டா மீதே சௌசௌவை ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுவதைப் பார்த்து இந்த எண்ணம் வந்திருக்கலாம். மிளகு தன் கணுவேர்களால் அடிமரத்தைப் பிடித்து ஏறுகிறது. கிளையைத் தொந்தரவு செய்வதில்லை. சௌசௌ பற்றுக்கம்பிகளால் சிறுகிளைகளையும் இலைகளையும் சுற்றிப் பிடித்து, உச்சிக்குப் போய் வெயில் முழுவதையும் மறைத்துவிடும். ஜெகரண்டாவின் கிளைகள் எளிதில் ஒடியக்கூடியவை; மழையில் நனைந்த கொடியும் காயும் சேர்ந்த பாரத்தைக் காற்றடிக்கும் மாதங்களில் அவை தாங்கமாட்டா. காய்களும் கைக்கு எட்டாத உயரத்தில் முற்றி வீணாகும்.

கேள்வி (கோத்தகிரி): காட்டெருமைகள் இரவில் தோட்டத்துக்குள் வருகின்றன. பந்தல் நிற்குமா?

பதில்: இளங்கொடியை அவை மேயும், உரசினால் மூங்கில் கால் சாயும். பந்தலை வீட்டுச் சுவரோடு சேர்த்து, இரும்புக் குழாய்க் கால்களில் போடுங்கள். முதல் இரண்டு மாதங்கள் கன்றைச் சுற்றிக் கம்பிவலை வையுங்கள். கொடி பந்தலுக்கு மேலே ஏறியபின் அடித்தண்டை மட்டும் காத்தால் போதும். ஜெகரண்டாக் கன்று நட்டாலும், உரசி முறிக்காதபடி ஆளுயரம் வரும்வரை இதே வலை தேவைப்படும்.