ஆகஸ்டில் சிசிலி வேண்டாம், தம்பி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன நீங்கள், மதுரையிலிருந்து வரவிருக்கும் அப்பா அம்மாவையும் பள்ளிக்குப் போகும் மகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் தென்கரையை, குறிப்பாகச் சிசிலித் தீவைப் பார்க்க எந்தக் காலம் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்தை ஏற்கெனவே மனத்தில் குறித்துவிட்டதாகவும், மதுரை வெயிலையே தாங்கியவர்களுக்குச் சிசிலி வெயில் ஒரு பொருட்டா என்று அப்பா சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிசிலியின் தலைநகரான பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தபோது நானும் அதே நினைப்போடுதான் இறங்கினேன். ஆகவே உங்கள் அப்பாவின் சிரிப்புக்கு முதலில் மறுமொழி சொல்லிவிட்டு மாதங்களுக்கு வருகிறேன்.

எண்களை மட்டும் பார்த்தால் அப்பா சொல்வது சரிதான். பலெர்மோவில் ஆகஸ்ட் மாதத்துச் சராசரி உச்ச வெப்பம் 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும். மதுரையில் சித்திரை, வைகாசியில் அதைவிடக் கூடுதலாகவே காயும். ஆனால் வெயிலின் அளவு வேறு, அது நம்மைப் பிடித்து வைத்திருக்கும் நேரம் வேறு. இங்கே ஜூலையில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். வெயில் தாழ்ந்த பிறகு வெளியே போகலாம் என்று மதுரையில் மாலை ஐந்து மணிக்கு எழுந்து புறப்படும் பழக்கம் இங்கே பயன்படாது, ஏனெனில் ஐந்து மணிக்கு வெயில் இன்னும் உயரத்திலேயே நிற்கும். பெரும்பாலான வீடுகளில் கூரையில் மின்விசிறி கிடையாது. நீங்கள் பார்க்க விரும்பும் அக்ரிஜெந்தோ, செஜெஸ்தா, செலினுந்தே ஆகிய இடங்களின் கிரேக்கக் கோயில்களோ மரநிழல் அருகிய வெட்டவெளியில், சூடேறிய கல்லின் நடுவே நிற்கின்றன. மீனாட்சி அம்மன் கோயில் பிராகாரத்தின் குளிர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோயில்களுக்குப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

இதற்கு மேல் சிரோக்கோ என்ற காற்று இருக்கிறது. ஆபிரிக்காவின் சகாராப் பாலைநிலத்திலிருந்து புறப்பட்டுக் கடலைத் தாண்டி வரும் இந்தத் தென்காற்று, மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் கச்சான் என்று சொல்லும் வறள்காற்றை எனக்கு நினைவூட்டும். வானம் மஞ்சளாகும், மகிழுந்துகளின் மேல் செம்மண் தூசு படியும், இரவிலும் புழுக்கம் தணியாது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் கிழக்குக் கரையிலுள்ள சிரகூசாவுக்கு அருகே பதிவான 48.8 பாகையை ஐரோப்பியப் பெருநிலப்பகுதியின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு பின்னர் உறுதிசெய்தது. 2023 ஜூலை இறுதியில் வெப்பமும் காற்றும் சேர்ந்து பலெர்மோவைச் சுற்றியுள்ள மலைகளில் தீப்பற்றியபோது, விமான நிலையத்தையே சில மணி நேரம் மூட வேண்டியதாயிற்று. ஒவ்வோர் ஆகஸ்டும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டிய இருவரை அழைத்து வரும்போது அந்தச் சூதாட்டம் தேவையா என்பதுதான் என் கேள்வி.

வெப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆகஸ்டின் உண்மையான தொல்லை இத்தாலியர்களின் விடுமுறைதான். ஆகஸ்ட் 15 அன்று வரும் ஃபெர்ராகோஸ்தோ என்ற பண்டிகையைச் சுற்றி நாடு முழுவதும் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறது. நான் வந்திறங்கிய வாரம், அறை நண்பர்கள் எல்லோரும் தாங்கள் வேலை செய்த வீட்டுக்காரர்களோடு கடலோர வீடுகளுக்குப் போயிருக்க, நான் மட்டும் தனியே தெருத் தெருவாகத் திரிந்து பார்த்தும் ஒரு பாண் (ரொட்டி) வாங்க இடமில்லாமல் போனது. இன்று பெரிய அங்காடிகள் திறந்திருக்கின்றன, நகரத்தின் நடுவே உணவகங்களும் இருக்கின்றன. ஆனாலும் பலெர்மோவை ஒட்டிய மொந்தெல்லோ கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேடுவதும், அறை வாடகை ஏறி நிற்பதும், ஊர்களுக்கு இடையே ஓடும் பேருந்துகள் குறைவதும் மாறவில்லை. மழையில்லாத ஆண்டானால் தண்ணீர்க் கட்டுப்பாடும் வரும். 2024 வறட்சியில் அக்ரிஜெந்தோப் பகுதியில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். சிறு தங்கும் விடுதிகள் சில விருந்தினர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

நம் ஊர்க் காலக்கணக்கை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. நமக்குக் கோடைக்குப் பிறகு காற்று திரும்பி மழை வரும். மத்தியதரைக் கடல் நாடுகளிலோ, கோடையில் அசோர்ஸ் தீவுகளின் பக்கமிருக்கும் உயர் அழுத்தம் வடக்கே நகர்ந்து வந்து வானத்தை மூடி நிற்பதால் மேகமே திரளாது. குளிர்காலத்தில் அது விலகிய பிறகுதான் மேற்குக் காற்று அத்திலாந்திக் கடலிலிருந்து மழையைக் கொண்டுவரும். ஆகவே இங்கே பச்சை என்பது பனிக்காலத்துக்கும் இளவேனிலுக்கும் உரியது. ஏப்ரலில் வயலெல்லாம் பூத்துக் கிடக்கும் அதே சிசிலி, ஆகஸ்டில் அறுத்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். உங்கள் மனத்தில் உள்ள படம் பச்சை மலையும் நீலக் கடலும் என்றால், அது ஆகஸ்ட் படம் அன்று.

கடலுக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு. அது தரையைப் போல விரைவில் சூடாகாது, விரைவில் ஆறவும் செய்யாது. மே நடுவில் காற்று இதமாக இருக்கும்போது கடல் நீர் 18, 19 பாகையில்தான் இருக்கும்; ஜெர்மானியர்கள் குதிப்பார்கள், நாம் கணுக்கால் வரை இறங்கிவிட்டு ஏறிவிடுவோம். மாறாகச் செப்டம்பரில், வெயிலின் கடுமை இறங்கத் தொடங்கிய பின்னும் கடல் 25 பாகையை ஒட்டி நிற்கும். பூக்களும் பழங்காலக் கட்டடங்களும் வேண்டும் என்பவர்களை மே மாதத்தில் வரச் சொல்வதும், கடலில் குளிக்க வேண்டும் என்பவர்களைச் செப்டம்பரில் வரச் சொல்வதும் இதனால்தான்.

இனி உங்கள் விடயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்ததால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்: உங்கள் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வார விடுமுறை உண்டு. பக்கத்துப் பவேரியாவிலும் அப்படியே. ஜெர்மனியின் எல்லா மாநிலங்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. உயிர்த்த ஞாயிறிலிருந்து ஐம்பதாம் நாளைக் கொண்டு கணக்கிடுவதால் அது ஆண்டுக்காண்டு மாறும், ஆனால் பெரும்பாலும் மே பின்பாதிக்கும் ஜூன் முற்பகுதிக்கும் நடுவே விழும். என் முப்பது ஆண்டுப் பழக்கத்தில், முதியவர்களோடு சிசிலியைச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல நாட்கள் இல்லை. பகல் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும், வெயில் 25 பாகையைச் சுற்றி நிற்கும், மழை அநேகமாக ஓய்ந்திருக்கும். சிரகூசாவின் பழங்காலக் கிரேக்க அரங்கில் அந்தக் காலத்து நாடகங்களையே மாலை வெயிலில் மேடையேற்றும் பருவமும் அதுதான். மொழி புரியாவிட்டாலும் இரவெல்லாம் கூத்துப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கல் படிகளில் அமர்வது பிடிக்கும்.

அம்மா அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் மதுரையை விட்டு நகர மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நகரவும் வேண்டாம். சித்திரைத் திருவிழா முடிந்து அவர்கள் புறப்பட்டால் கத்திரி வெயிலின் ஒரு பகுதியிலிருந்தாவது தப்பிவிடலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம் என்பதால், மே நடுவில் வந்தால் ஆகஸ்ட் நடுவரை உங்களோடு இருக்க முடியும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மதுரையில் கார்த்திகை தீபம் ஏற்றும் நாட்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பெரும்பாலான நாட்கள் ஜெர்மனியில் தங்குவதால் ஜெர்மன் தூதரகத்தின் வழியாகவே கேட்க வேண்டும், அந்த விசா இத்தாலிக்கும் செல்லும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். இங்கே விடுதிகள் தங்குபவர் ஒவ்வொருவருடைய விவரத்தையும் காவல்துறைக்கு அனுப்பக் கடமைப்பட்டவை. ஆகவே எல்லோருடைய கடவுச்சீட்டையும், உங்கள் வதிவிட அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அந்தப் பெந்தெகொஸ்தே விடுமுறை வாரங்களிலும் இரண்டு குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். அது வார இறுதியோடு ஒட்டி வந்தால் இரண்டு மூன்று நாட்கள் கூட்டம் இருக்கும். உங்கள் ஊர்க்காரர்களுக்கும் அதே விடுமுறை என்பதால் விமானச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். தெற்கு ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் மகிழுந்தில் வடக்கிலுள்ள கார்டா ஏரியோடு நின்றுவிடுகிறார்கள் என்பது நமக்கு ஆறுதல்.

அலுவலகத்தில் கோடையில்தான் விடுப்பு என்று சொல்லிவிட்டால், விடுமுறையின் தலையை விட்டு வாலைப் பிடியுங்கள். உங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை நீள்கிறது. ஆகஸ்ட் முடிந்ததும் இத்தாலியர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். செப்டம்பர் முதல் பத்து நாட்களில் கடல் சூடாகவும் கரை காலியாகவும் இருக்கும். வெயில் இன்னும் சுடும், ஆனால் வாட்டாது. அப்படி வந்தால் பெற்றோரின் தொண்ணூறு நாளையும் ஜூன் நடுவிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சந்தையில் திராட்சை குவிந்திருக்கும். சப்பாத்திக்கள்ளிப் பழமும் வரத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் நாகதாளி என்று சொல்லி வேலியோரத்தில் விட்டுவைத்த அந்தச் செடியை இவர்கள் தோட்டப்பயிராக வளர்க்கிறார்கள். ஜூனில் முதற் பூக்களை வேண்டுமென்றே தட்டி உதிர்த்துவிடுவார்கள், மீண்டும் பூத்துக் காய்க்கும் பழம் இலையுதிர் காலத்தில் பெரிதாகவும் இனிப்பாகவும் இருக்கும் என்பதற்காக. முள் எடுத்து உரித்துத் தருவார்கள். மகளைத் தானாகத் தொடவிடாதீர்கள்.

அக்டோபர் இறுதி விடுமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறிய கடலின் மேல் குளிர்காற்று வந்து சேரும்போது, ஒரு மாதத்து மழை ஒரு நாளில் கொட்டுவது இங்கே புதிதன்று. 2009 அக்டோபர் முதல் நாள் இரவில் மெசீனாவுக்குத் தெற்கே மலைச்சரிவு சேறாக இறங்கி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல அக்டோபர்களும் உண்டு, அவற்றில் நான் கடலில் குளித்தும் இருக்கிறேன். ஆனால் நான் இங்கேயே இருப்பவன், மழை வந்தால் மறுநாள் போவேன். நீங்கள் ஐந்து நாள் விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்.

குளிர்காலம் மலிவு என்று யாராவது சொல்வார்கள். பகலில் 15 பாகை என்பது ஸ்டுட்கார்ட்டிலிருந்து பார்த்தால் இளவேனில்தான். ஆனால் குளிர் இங்கே தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. கல் சுவரும் பளிங்குத் தரையுமாக வெயிலைத் தடுப்பதற்கென்றே கட்டிய வீடுகள் இவை. பலெர்மோ அடங்கும் தட்பவெப்ப வலயத்தில் கட்டட வெப்பமூட்டியைச் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் இயக்கலாம். பழைய கட்டடங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. என் அம்மா ஒரு சனவரியில் வந்தபோது வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் வெப்பமூட்டி உண்டு என்று சொன்ன வீட்டுக்காரர், ஒரு சிறு மின்னடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா இரண்டு வாரமும் கம்பளிக்குள்ளேயே இருந்து சிசிலியைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எரிமலையான எத்னாவின் பனியையும், அக்ரிஜெந்தோவில் பிப்ரவரியில் பூக்கும் வாதுமை மரங்களையும் பார்க்க நீங்களும் மனைவியும் மட்டும் ஒருமுறை வாருங்கள். சிசிலிக்கு வடக்கே கடலிலுள்ள லிப்பாரித் தீவுகளுக்கான படகுகளை அப்போது நம்ப வேண்டாம். கடல் கொந்தளித்தால் நாட்கணக்கில் நின்றுவிடும்.

மரக்கறி உணவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடலை மாவில் செய்து பொரித்த பனெல்லே பலெர்மோவின் தெருவெங்கும் எல்லாப் பருவத்திலும் கிடைக்கும். என் அம்மா அதை பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தங்கை என்பார். பல்லரோச் சந்தைப் பக்கம் போனால் அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கும் குறைவிராது.

செப்டம்பரையே தேர்ந்தால், 4ஆம் திகதி பலெர்மோவில் இருக்கும்படி பாருங்கள். 1624இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று இவர்கள் நம்பும் சாந்தா ரொசாலியாவின் நாள் அது. முந்திய இரவிலிருந்தே மக்கள் பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறுவார்கள். அவர்களுள் நம்மவர்கள் நிறையப் பேர், கிறிஸ்தவர்களும் சைவர்களுமாக, வெறுங்காலோடு நேர்த்திக்கடன் வைத்து ஏறுவதைக் காண்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அந்த இரவில் நடக்க வைக்காமல், கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் காலையில் பேருந்திலேயே மேலே அழைத்துப் போங்கள். கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. கூரைப் பாறையில் கசியும் நீர் வழிபடுவோர் தலையில் சொட்டாதபடி தகர வாய்க்கால்கள் வைத்து ஏந்தியிருக்கிறார்கள். அந்த நீரைத் தீர்த்தமாகக் கொள்வது இங்கே பழைய வழக்கம், ஆகவே அம்மா கை நீட்டினால் தடுக்காதீர்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் குகைக்குள் குளிரும். தோளில் போட ஒரு சால்வை இருக்கட்டும்.