பழைய பாய்மரப் படகு வாங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 1978-இல் கட்டிய கேட்டலினா 22 படகு ஒன்று விலைக்கு வருகிறது, பெயின்ட் புதுசு. வாங்கலாமா?

பதில்: பெயின்டைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்கிற இடத்தில் ஃபைபர்கிளாஸுக்கு நடுவே இருக்கும் பிளைவுட் தண்ணீரில் ஊறி மக்கியிருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. அப்புறம் கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு. அது ஏற்றி இறக்குகிற வகை என்றால், சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு ஒரே ஒரு அச்சாணியிலும் ஒரு கம்பிக் கயிற்றிலும் தொங்குகிறது! டிரெய்லரில் வைத்தபடியே காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கிரேனில் தூக்கி, கீலை இறக்கச் சொல்லி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ரொம்ப ஆடினால் அச்சாணியும் அதன் துளையும் தேய்ந்திருக்கிறது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுகிற செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.