கிணத்தடிக் கேள்விகள்

யாழ்ப்பாணக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்து வயதுபோனவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மோட்டர் நல்லது என்று மட்டும் கேளாதீர்கள்.

கொக்குவில்: ஐயா, ரெண்டு பரப்புக் காணியில வீடு கட்டுறம். கிணத்துக்கும் மலக்குழிக்கும் எத்தினை அடி விடவேணும்?

நூறு அடி என்று பலரும் சொல்வார்கள். உங்கள் காணியில் அதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. இரண்டு பரப்பும் சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி, மூலைக்கு மூலை 104 அடி. இந்த மூலையில் கிணறு, எதிர்மூலையில் குழி என்றால் கணக்குச் சரி. ஆனால் உங்கள் கிணற்றை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவர் எதை வைத்திருக்கிறார்? அதை எட்டிப் பார்த்தபிறகு கிணறு வெட்டுங்கள்.

இன்னொன்று. நூறு அடி என்பது மணலில் கழிவுநீர் மெல்லக் கசிந்து வடிபடும் இடத்துக்குப் பொருந்தும். எங்களுடையது சுண்ணக்கல். உள்ளே பொந்தும் வெடிப்பும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வடிபடாமலே அடுத்த ஒழுங்கைக் கிணற்றுக்குப் போய்விடும். ஆகவே தூரத்தை நம்பாமல் குழியைத் திருத்துங்கள். அடியும் சுவரும் சீமெந்து பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வரும் நீரை ஆழக் குழியில் இறக்காமல் மேல்மண்ணில் வாழைக்குப் பரவ விடுங்கள். தொட்டி நிரம்பினால் பவுசரைக் கூப்பிட்டு இழுப்பியுங்கள். "நான் கட்டின குழி இருபது வருசமா நிரம்பேல்லை" என்று மேசன்மார் பெருமைப்படுவார்கள். நிரம்பாவிட்டால் எங்கே போனது என்று திருப்பிக் கேளுங்கள்.

இணுவில்: தண்ணிய நல்லாக் கொதிக்க வைச்சா நைத்திரேற்று போகுமோ?

போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், உரத்திலும் மலத்திலும் இருந்து வந்து கரைந்த நைத்திரேற்று அங்கேயே இருக்கும். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடும். கொதிக்க வைப்பது கிருமிக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கலாம். வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் வீடு என்றால் யூரியாவும் சேரும், மலக்குழியும் சேரும். சோதித்துப் பாருங்கள்.

அரியாலை: கிணறு சவர்க்குது. குழாய்க்கிணறு ஆழமா அடிச்சா நல்ல தண்ணி வருமே?

ஆழப் போகப் போகச் சவர்தான் கூடும். மழை நீர் நிலத்துக்குள் ஒரு வில்லை மாதிரிக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள், மேலே நன்னீர், அடியில் உவர். துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்தால் கிணறும் ஓய்வெடுத்தது. மோட்டருக்குக் களைப்பு வராது. அதனால் கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, பிறகு இறையுங்கள்.

நவாலி: 200 அடி போனாலுமோ?

அரியாலைக்காரருக்குச் சொன்னதுதான்.

சுன்னாகம்: எங்கட கிணத்தில எண்ணெய் மிதந்தது. இப்ப குடிக்கலாமோ?

உங்கள் கிணற்று நீரைச் சோதிக்காமல் யார் "ஓம்" சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. மின்நிலையக் கழிவு எண்ணெய் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு கிணற்றைக் கழுவாது.

திருநெல்வேலி: தாளையடித் தண்ணி வந்தா இந்தக் கிணத்துப் பிரச்சினை முடிஞ்சுது தானே?

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது கழிவாக வெளியே போகும் என்பது பொறியியலாளர் கணக்கு. அவ்வளவும் வீடுகளுக்கு வந்தால் நாளுக்கு 19,000 கனமீற்றர் கழிவுநீர். அதைக் கொண்டுபோக வீட்டுக்கு வீடு கழிவுக்குழாய் எங்கே? அடியில்லாத குழிக்குள்தான் போகும். வாளியால் அள்ளிக் குளித்தவர் ஷவரின் கீழ் நிற்பார், குழிக்கு இரட்டிப்பாகப் போகும். குழாயை வரவேற்கிறேன். குழியை மறக்காதீர்கள்.

கிளிநொச்சி: அப்ப இரணைமடுத் தண்ணி தராததுதான் பிழை எண்டுறியளோ?

நான் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கேட்டபோது, காலபோக நெல்லுக்கே குளம் நிரம்பாத வருடங்களைக் கண்ட விவசாயி பயந்ததில் நியாயம் இருக்கிறது.

கரவெட்டி: ஆறுமுகம் ஐயாவின்ர ஆறு வந்திருந்தா இரணைமடுவும் வேண்டாம், கடலும் வேண்டாம்!

பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் எனக்கும் ஆசை உண்டு. கனகராயன் ஆற்று வெள்ளம் வீணே ஆனையிறவு நீரேரிக்கு வருகிறது. உப்பை மறித்து அந்த நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கு விட்டு, தொண்டமனாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுத் தேக்கினால் சுற்றியுள்ள கிணறுகளில் சவர் குறையும். கதவுகள் கட்டினார்கள். வாய்க்கால் முடியவில்லை. கதவு ஒழுகினால் திட்டமும் ஒழுகும்.

கிளிநொச்சி: கனகராயன் ஆறும் எங்கட தண்ணிதான்.

கரவெட்டி: கடலுக்குப் போறதைத்தானே கேக்கிறம்!

இரண்டு பேரும் ஆனையிறவில் சந்தித்துத் தேத்தண்ணி குடித்துப் பேசிக்கொள்ளுங்கள். எந்தத் தண்ணீர் வென்றாலும் பாவித்த பிறகு குழிக்குத்தான் வரும்.

யாழ். நகர்: ஆரியகுளம் வடிவா வந்திட்டுது. மற்றக் குளங்களையும் இப்பிடிச் செய்யலாமே?

செய்யலாம். நடைபாதைக்கு முதல் வரத்து வாய்க்காலைப் பாருங்கள். மழை வெள்ளம் வரவேண்டிய வாய்க்காலில் குசினித் தண்ணீர் வந்தால் விளக்குப் போட்டும் குளம் நாறும்.

சாவகச்சேரி: கூரை மழைத் தண்ணிய நேரடியாக் கிணத்துக்க விடலாமோ?

முதல் மழையை வெளியே விடுங்கள், பிறகு மணல் வடிகட்டி வழியாக விடலாம். முற்றத்துத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மானிப்பாய்: ஐயா, கிணத்துக்கும் மலக்குழிக்கும் எத்தினை அடி?

மேலே முதல் கேள்வி. ... சரி, காணி எத்தனை பரப்பு? பக்கத்து வீட்டுக் குழி எந்த மூலையில்?