ஸ்டியரிங் திருப்பினால் 'டொக்': மண்டபம் நண்பருக்கு

வணக்கம் நண்பரே. வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொக்', பள்ளத்தில் இறங்கினால் 'கடகட' என்கிறீர்கள். ஆக்சில் ஜாயின்ட் (எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு) பெரும்பாலும் ஓட்டத்தில், வளைவில்தான் சத்தம் போடும், அதை விடுங்கள்.

என் சந்தேகம் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கின் மேல். ஸ்ட்ரட் என்பது முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்; ஸ்டியரிங் திரும்பும்போது அது சுழல உதவுவது அதன் தலையிலுள்ள இந்தப் பேரிங்தான். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். பேரிங் போயிருந்தால் உதறல் கையிலேயே தெரியும்.

அப்புறம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்து, முன் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். மேல்கீழாக ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். பக்கவாட்டில் மட்டும் என்றால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு. இந்த மூட்டுகளின் ரப்பர் உறைகளையும் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போகிற வண்டியில் உறை லேசாகக் கிழிந்தாலே மணலும் உப்பும் கிரீஸில் கலந்து அரைத்துவிடும்.

பால் ஜாயின்ட் ஆடினால், தயவுசெய்து மாற்றும்வரை பாம்பன் பாலம் ஏற வேண்டாம்.