குதிரை மரத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் ஐயா, காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு நெல்வயல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதம், அந்தியூர் குதிரைச் சந்தையில் செவலைப் பெண் குதிரை ஒன்றை வாங்கினேன். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அனுப்புகிறேன். முதல் வருடம் ஒரு தொல்லையும் இல்லை. போன ஐப்பசியில் பிடரியையும் வாலடியையும் வேப்பமரத்தில் தேய்க்க ஆரம்பித்தது. தையில் தானாகச் சரியாயிற்று. இந்த ஆவணியிலிருந்து மறுபடியும் தேய்க்கிறது, இம்முறை ரத்தம் வருகிறது. கொள்ளுச் சூடு என்றார்கள், கொள்ளை நிறுத்தினேன். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்து எல்லாம் பூசியாயிற்று. ஊசி போட்டால் நாலைந்து நாள் அடங்கி, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். குட்டி ஈன்றால் உடம்பு மாறிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். சினைக்கு விடலாமா, அல்லது விற்றுவிடலாமா?
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த உண்ணி மருந்துப் புட்டியைத் தேடி எடுத்து, அதன் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று படியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அமிட்ராஸ் என்று இருந்தால், இனி ஒரு சொட்டுகூட அந்தக் குதிரை மேல் படக் கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படும் அந்த மருந்து குதிரையின் குடல் அசைவை முடக்கிவிடும். லத்தி உள்ளேயே இறுகிப்போய், வயிற்றுவலியில் புரண்டு உயிரை விடும் அளவுக்குப் போகலாம். பூசிப் பல நாட்கள் ஆகி, குதிரை ஒழுங்காகத் தின்று லத்தி போடுகிறது என்றால் பயம் வேண்டாம். நேற்றோ இன்றோ பூசியிருந்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். லத்தி குறைந்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, விலாப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, உடனே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் இருக்கிறது. கடைக்காரர் பெரிய புட்டியிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்ததால் பெயரே இல்லை என்றால், அதை அமிட்ராஸ் என்றே வைத்துக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள்.

மண்ணெண்ணெய்க்கும் விடை கொடுங்கள். குதிரையின் தோல் மாட்டுத் தோலைவிட மெல்லியது. மண்ணெண்ணெய் அதைப் பொசுக்கும். வேப்பெண்ணெய் பூச்சியை ஓரளவு விரட்டும்தான், ஆனால் பச்சைப் புண்ணின் மேல் அப்படியே பூசி வெயிலில் கட்டினால் எரிச்சல் கூடும். இப்போது ஓடும் அரிப்பில் பாதி நோயால் வந்தது, பாதி மருந்தால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாரம் எதையும் பூசாமல், பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவித் துடைத்து விடுங்கள். புண் இருக்கும் இடத்தை மட்டும் மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் சுத்தம் செய்யலாம்.

இனி காரணத்துக்கு வருவோம். ரத்தப் பரிசோதனை சொல்லாததை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. பிடரி, வாலடி என்று இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் தொடங்கித் தையில் அடங்குகிறது என்று பருவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் வருடம் ஒன்றுமே இல்லை என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்; என் கணக்கில் அதுதான் மிக முக்கியமான வரி. விடுபட்டது நேரம் ஒன்றுதான். பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும் தேய்ப்பு அதிகம் என்றால், உங்கள் குதிரைக்கு இருப்பது பூச்சிக்கடி ஒவ்வாமை என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

பூச்சி என்றதும் உண்ணியையோ மாட்டு ஈயையோ நினைக்காதீர்கள். இது கியூலிகாய்ட்ஸ் என்னும் கடிப்பூச்சி. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். அருகில் நின்றால்கூடப் பறக்கும் தூசு என்று விட்டுவிடுவோம். செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இதே கூட்டம்தான். ஈரச் சேறும் சாணமும் மக்கும் இலைதழையும் சேர்ந்த இடத்தில் இது முட்டையிட்டுப் பெருகும். கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணைத் தண்ணீர் பாயும் நெல்வயல், பக்கத்தில் மாட்டுத் தொழுவம், அதை ஒட்டி எருக்குழி என்று உங்கள் இடம் அமைந்திருந்தால், அதற்கு வேறென்ன வேண்டும்? கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் போகிறது. பெரும்பாலான குதிரைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். சில குதிரைகளின் உடம்பு மட்டும் அதை எதிரியாகப் பாவித்துக் கொந்தளிக்கும். அதனால்தான் ஒரே லாயத்தில் ஒன்று ரத்தம் வரத் தேய்க்க, அடுத்தது நிம்மதியாகப் புல் மேய்கிறது.

முதல் வருடம் வராததற்கும் காரணம் இதுவே. ஒவ்வாமை பிறக்க, உடம்பு முன்பே அந்தக் கடியை அறிந்திருக்க வேண்டும். ஐஸ்லாந்து நாட்டுக் குதிரைகளை இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். அங்கே இந்தப் பூச்சித் தொல்லை இருந்ததில்லை. ஆகவே ஊரில் இருக்கும்வரை அவற்றுக்கு இந்த அரிப்பு வருவதில்லை. ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி ஆனபின், அந்த நாடுகளிலேயே பிறந்த அதே இனக் குதிரைகளைவிட இவை மிக அதிகமாக அவதிப்படுகின்றன. அதுவும் போய் இறங்கிய உடனே வராது, ஓரிரு பருவம் கடி வாங்கிய பிறகுதான் தொடங்கும். அந்தியூருக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் பூர்வீகம் வறண்ட ராஜஸ்தானும் குஜராத்தும். உங்களுடையது எங்கே வளர்ந்தது என்று விற்றவரிடம் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

போன தையில் எதைப் பூசிக்கொண்டிருந்தீர்களோ, அதுதான் கேட்டது என்று நினைத்திருப்பீர்கள். இந்த நோயில் மருந்துகள் நல்ல பெயர் வாங்குவதெல்லாம் மார்கழியில்தான். மழை ஓய்ந்து, பனி இறங்கி, பூச்சி குறையும் நேரத்தில் எதைப் பூசினாலும் கேட்கும்.

ஆனாலும் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாள் காலை நல்ல வெளிச்சத்தில் குதிரையை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பிடரி மயிரைப் பிரித்து, கைலென்ஸ் வைத்துப் பேனும் ஈரும் இருக்கிறதா என்று தேடுங்கள். வாலடி மட்டும்தான் அரிக்கிறது, பிடரியில் ஒன்றும் இல்லை என்றால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் புழு ஆசனவாயைச் சுற்றி வெளியே முட்டையிடும். சாதாரண லத்திப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. கழுவுவதற்கு முன் அந்த இடத்தில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் பதித்து மருத்துவரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் முட்டை தெரிந்துவிடும். முதுகில் பொருக்குத் தட்டி, அதைப் பிய்த்தால் மயிர் கொத்தாகக் கையோடு வருகிறது என்றால், அது மழை ஈரத்தில் வரும் பாக்டீரியாத் தொற்று. அதில் அரிப்பைவிட வலியே அதிகம். வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை. அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் வீட்டுப் பிள்ளைகளின் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் போன இடத்தில் இன்னொரு குதிரையின் சேணத்துணியைப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். சேணமும் ஜரிகைத் துணியும் படும் இடம் மட்டும் தடித்திருந்தால், குற்றம் துணியிலோ அதைத் துவைத்த சோப்புத் தூளிலோ இருக்கிறது. நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை போன்ற வெளுத்த இடங்கள் மட்டும் சிவந்து உரிகின்றன என்றால் கதையே வேறு. அது வெயிலும் ஈரல் கோளாறும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம். உன்னிச்செடி மாதிரி ஏதாவது தின்றதா என்று பார்த்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சந்தையில் வாங்கிய குதிரை என்பதால். பின்னங்கால் உட்புறத்தில் வரிசையாகக் கட்டிகள் எழும்பி உடைந்து சீழ் வடிந்தாலோ, மூக்கில் கெட்டியான சளி ஒழுகினாலோ, குதிரையைத் தனியாகக் கட்டிவிட்டு அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படி வரும். மனிதர்களையும் கொல்லக்கூடியது, அறிவிப்பது சட்டப்படி கட்டாயம், ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை இன ஆராய்ச்சி மையத்தில் பரிசோதிப்பார்கள். உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எதுவும் இல்லை.

சரி, பூச்சிக்கடிதான் என்றால் என்ன செய்வது? கடிக்க விடாமல் இருப்பதுதான் வைத்தியம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் குதிரையை லாயத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள், காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். இந்தப் பூச்சி பறப்பதில் பலவீனமானது. ஓர் எளிய மின்விசிறியின் காற்றைக்கூட எதிர்த்து வர முடியாது. குதிரைக்கு எட்டாத உயரத்தில், ஒயரைக் கடிக்க முடியாதபடி, பிடரியின் மேல் காற்று படுமாறு விசிறியை மாட்டுங்கள். செலவு செய்வதானால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அடுத்தது வலை. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இது நுழைந்துவிடும். நம் மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது: ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் பசுமைக்குடில்களுக்குப் பூச்சித் தடுப்பு வலை விற்கிறார்கள். நாற்பது மெஷ் என்று கேட்டு வாங்கி வாசலுக்கும் சன்னலுக்கும் அடியுங்கள். வலை காற்றைக் குறைக்கும், ஆகவே விசிறி இல்லாமல் வலை மட்டும் போடாதீர்கள்.

எருக்குழியை லாயத்திலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி கசிந்து சேறாகும் இடத்தில் சரளை கொட்டுங்கள். அந்தி நேரத்தில் மாடுகளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், பூச்சி மாட்டைத் தேடி வந்து குதிரையையும் கடிக்கும். வேப்பிலை, நொச்சி மூட்டம் போடும் வழக்கம் நல்லதுதான், ஆனால் திறந்தவெளியில், காற்று வரும் திசையில் லேசாக. மூடிய லாயத்தில் புகை போட்டால் அரிப்பு போய் இருமல் வரும். உள்ளூர்த் தையல்காரரிடம் கழுத்திலிருந்து வாலடி வரை, வயிற்றையும் சுற்றி மூடுமாறு மெல்லிய பருத்திப் போர்வை தைத்துப் போட்டால் இன்னும் நல்லது. மேலே பூசும் மருந்து வேண்டுமென்றால் பெர்மெத்ரின் வகை குதிரைக்குப் பொருந்தும். அளவை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் பூனை இருந்தால் அதன் பக்கம் அந்த மருந்து போகக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

நாலைந்து நாள் அடக்குகிற ஊசி ஸ்டீராய்டாக இருக்க வேண்டும். புண்ணாகித் தவிக்கும்போது ஓரிரு முறை போடுவதில் தவறில்லை. மாதக்கணக்கில் போட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகும் அபாயம் உண்டு. புழுவுக்கான ஐவர்மெக்டின் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வாய்வழி மருந்தாகவே கொடுக்கச் சொல்லுங்கள், மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி குதிரைக்கு வேண்டாம். ராணுவக் குதிரைகளுக்காக 1824ஆம் ஆண்டிலேயே ஓசூர் அருகே மத்திகிரியில் பண்ணை தொடங்கிய பகுதி இது. இன்று இங்குள்ள மருத்துவர்கள் நாளெல்லாம் பார்ப்பது கறவை மாடுகளைத்தான். உங்கள் மருத்துவரைக் குறை சொல்லாமல், தோல் சுரண்டல் மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

கொள்ளைத் திரும்பக் கொடுங்கள், சிறிது சிறிதாக, ஊறவைத்து. முன்பும் அதே கொள்ளைத் தின்று சும்மா இருந்த குதிரைக்கு ஆவணியில் மட்டும் சூடு ஏறாது. கொள்ளுக்குப் பதிலாகக் கோழித் தீவனத்தையோ, கோழிக்கும் மாட்டுக்கும் பொதுவாகக் கலந்த தீவனத்தையோ கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். சில கலவைகளில் இருக்கும் மொனென்சின் என்ற மருந்து சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.

புண் ஆறும்வரை ஊர்வலம் வேண்டாம். ஆறிய பிறகும், மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் நேரமும் பூச்சி கடிக்கும் நேரமும் ஒன்றுதான் என்பதை மனதில் வைத்து, மருந்து பூசிய பிறகே அனுப்புங்கள்.

சினைக்கு விட வேண்டாம். ஈன்றால் உடம்பு மாறும் என்பது வெறும் பேச்சு. இந்த ஒவ்வாமை வாரிசுக்கும் இறங்கக்கூடியது என்பது பல குதிரை இனங்களில் தெரிந்த விஷயம். விற்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். பர்கூர்ப் பக்கமோ வேறெங்கோ, நீர் தேங்காத, காற்று வீசும் மேட்டு நிலத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால், ஐப்பசி முடிவதற்குள் இரண்டு மூன்று வாரம் குதிரையை அங்கே கட்டிப் பாருங்கள். தேய்ப்பு குறைந்தால் காரணம் உறுதியாகிவிடும். வருடத்தில் பூச்சி பெருகும் மாதங்களில் மட்டும் அங்கே அனுப்ப ஏற்பாடு செய்ய முடிந்தால், விற்க வேண்டிய தேவையே வராது. அப்படியும் விற்பதானால், வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லி, நெல்வயல் இல்லாத ஊர்க்காரருக்கே கொடுங்கள்.