அதிகம் பேர் கண்டுகொள்ளாத, ஆனால் உங்களுக்குப் பிடித்த அனிமேஷன் படம் எது?

"பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், எல்லோரும் சொல்லும் பெயர்கள் வேண்டாம்" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று அதே நான்கு படங்களைத் திருப்பித் திருப்பி ஓட்டி உங்கள் உயிரை வாங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பதில் 'லிட்டில் நீமோ: அட்வென்ச்சர்ஸ் இன் ஸ்லம்பர்லேண்ட்'. 'ஃபைண்டிங் நீமோ' என்ற மீன் படத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பல வருடம் முன்பே, 1989ல் ஜப்பானில் வெளியான நீமோ இவன். கனவு காணும் பையன்.

நான் வளர்ந்தது வடசென்னை கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில். ராத்திரி கூட்ஸ் வண்டி போனால் ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வண்டி போன பிறகும் ஒரே ஒரு டம்ளர் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அது நிற்கிறவரை எனக்குத் தூக்கம் வராது. வந்தால், இன்ஜின் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே வருகிற கனவு. அம்மா திருநீறு பூசிப் படுக்க வைப்பார். நைனா, "டேய், அது தண்டவாளத்த விட்டு இறங்காதுடா" என்பார். அது எனக்கும் தெரியும். கனவுக்குத்தான் தெரியவில்லை.

2002 வாக்கில் நைனா பர்மா பஜாரிலிருந்து ஒரு விசிடி வாங்கி வந்தார். (ஒரிஜினலா என்று கேட்டுக் கமெண்ட் போடாதீர்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டில் ஒரிஜினல் இருந்தது?) அட்டையில் சிங்கம். போட்டால் சிங்கமே இல்லை. ஒரு பையன் தூங்குகிறான், கட்டில் மெதுவாக எழும்பி ஜன்னல் வழியாகப் பறந்து ஊருக்கு மேலே போகிறது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு ரயில் இன்ஜின் அவனைத் துரத்துகிறது!

என் கனவை யாரோ திருடிப் படமெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். இங்கிலீஷ் பேசுகிற பையனுக்கும் இதே கனவு வருகிறதே.

அந்தப் பையனைக் கனவு தேசத்து ராஜா தன் வாரிசாக்கி, ஒரு சாவியும் கொடுத்து, ஒரு கதவை மட்டும் திறக்காதே என்கிறார். திறக்காமல் இருப்பானா? கதவுக்குப் பின்னாலிருந்து கன்னங்கரேலென்று ஏதோ வழிந்து வருகிற இடத்தில் முதல் டிஸ்க் முடிந்தது. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால் 'நோ டிஸ்க்'. நைனா மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். "போட்டுப் பாத்ததுக்கு அப்புறம் மாத்த முடியாதுண்ணே" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். போட்டுப் பார்க்காமல் ஓடாது என்று எப்படித் தெரியும்? இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

படத்தின் பெயரே தெரியாமல் அந்தக் கதவு பத்து வருடம் திறந்தே கிடந்தது. கையில் நெட் வந்த பிறகு 'பறக்கும் கட்டில், துரத்தும் ரயில்' என்று இங்கிலீஷில் தட்டித்தான் கண்டுபிடித்தேன். அதன் பின்னணி படத்தைவிடப் பெரிய கதை. மூலம் வின்சர் மெக்கே என்பவர் 1905ல் நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகையில் தொடங்கிய முழுப்பக்கப் படக்கதை. ஒவ்வொரு வாரமும் பையன் கனவில் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். இதைப் படமாக்க யுடாகா ஃபுஜியோகா என்ற ஜப்பானியத் தயாரிப்பாளர் பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். ஜப்பானிய அனிமேஷனின் பெரிய இயக்குநர் மியசாகி இதில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு விலகினார், இன்னொரு பெரிய இயக்குநரான தகஹாதாவும் அப்படியே. எழுத்தாளர் ரே பிராட்பரி, பிரெஞ்சுப் படக்கதை ஓவியர் மோபியஸ் என்று பெரிய தலைகளெல்லாம் கை வைத்தார்கள். சுமார் 3.5 கோடி டாலர் செலவு. 1992ல் அமெரிக்காவில் வெளியானபோது தியேட்டரில் 14 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை.

சரி, இங்கேதான் சண்டைக்கு வருவீர்கள். கதை தொளதொளவென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பேர் கை வைத்த குழம்பு அப்படித்தான் இருக்கும். கனவு என்றால், பெரியவர்களுக்கான ஜப்பானிய அனிமேஷன் படம் 'பாப்ரிகா' பார்க்கவில்லையா என்பவர்களுக்கு: பார்த்திருக்கிறேன், பிரமாதம். அதை ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டிவிட்டு என்னிடம் வாருங்கள். நீமோவில் எனக்குப் பிடித்தது, கனவில் நடக்கும் பயம் கனவில் நடக்கிற மாதிரியே நடப்பதுதான். காரணமே சொல்லாது. கட்டில் ஜாலியாகப் பறந்துகொண்டே இருக்கும்போது பின்னால் இன்ஜின் வந்துவிடும்.

இப்போது இருப்பது எர்ணாவூரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, தண்ணீரோடு ஆலை எண்ணெயும் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் மழை நாளில் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஃப்ரிட்ஜைச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் இரண்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். அந்த நாற்றத்தோடு ஃப்ரிட்ஜ் அப்படியே திரும்பி வந்தது, பணம் வரவில்லை. அது வேறு கதை, விடுங்கள்.

அடுத்த வருடம் பள்ளி லீவில் மகளுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். மந்திரச் சொல்லாக வருகிற "பஜாமா, பஜாமா, பஜாமா" இன்றுவரை எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றால் ஓதப்படுகிறது. கதவைத் திறந்ததும் அந்தக் கறுப்பு வழிந்து வந்தது. "எண்ணெய்ப்பா" என்றாள், சாதாரணமாக.

அப்புறம் ஒரு காட்சி. நீமோ எழுந்து தன் வீட்டில்தான் இருக்கிறோம், எல்லாம் கனவு என்று மூச்சு விடுவதற்குள் வீடு முழுக்கக் கடல் தண்ணீர் நிரம்புகிறது. நான் பார்க்காத இரண்டாவது டிஸ்க்கில் இருந்திருக்க வேண்டிய காட்சி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் போல, நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன்.

"அப்பா, அவங்க மெயின ஆஃப் பண்ணவே இல்லியே?"

பண்ணியிருப்பார்கள், காட்டவில்லை என்றேன். நம்பவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் மீதிப் படம் ஓடியது.