36 டிகிரிக்கே தலை சுற்றுவது ஏன்?

கேள்வி: டெல்லியில் 42 டிகிரி வெயிலில் என் மகன் வேலைக்குப் போய்வருகிறான். இங்கே 36 டிகிரிக்கே எனக்குத் தலை சுற்றுகிறது. வயதுதான் காரணமா, புவி வெப்பமாவதற்கும் இதில் பங்கு உண்டா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வயதுக்குப் பங்கு உண்டு, பழி முழுவதையும் அதன்மேல் போட வேண்டாம். உடலைக் குளிரவைப்பது வியர்வை சுரப்பதன்று, அது ஆவியாவதே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. நீரும் உப்பும் இழந்ததுதான் மிச்சம்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றோட்டத்தில் வைத்து அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள்; ஆவியாதல் எவ்வளவு குளிரவைக்கும் என்பதை அது காட்டும். 42 டிகிரியும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் அது 22 டிகிரிதான். 36 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்திலோ 29 டிகிரி. இந்த ஈரக்குமிழ் அளவில் மனித உடல் தாங்கும் எல்லை 35 என்று 2010-இல் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. இளைஞர்களுக்கே அப்படியென்றால் உங்கள் தலைசுற்றலில் வியப்பில்லை.

புவி வெப்பமாவதன் பங்கு இங்கேதான் வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும்; அந்த நீராவி இரவிலும் வெப்பத்தை வெளியேற விடாததால், பகலில் களைத்த இதயமும் சிறுநீரகமும் ஓய்வின்றி மறுநாளைச் சந்திக்கின்றன. 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததில், தணியாத இரவுகளுக்கும் பங்குண்டு.

கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை வெப்ப அலை பற்றியே பேசத் தொடங்கும். ஆகவே உங்கள் 36 டிகிரி நாளில் தொலைக்காட்சியில் வெப்ப அலை எச்சரிக்கை வராது. இந்த அளவுகோலில் ஈரப்பதத்துக்கும் இடம் வேண்டும் என்பது என் கருத்து. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம்.

இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெறும் களைப்பன்று: உடலை நனைத்து விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.